தனியாவுக்குள் இருவர்

(தாவரவியல் அறிஞர் டாக்டர் ராபர்ட் வைட் வாழ்க்கை வரலாறு)

பத்தாம் வகுப்பு மாணவி, ஊரூர் ஒல்காட் குப்பம்

எங்கள் வீடு ஊரூர் ஒல்காட் குப்பத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் வங்கக்கடல். இன்னொரு பக்கம் அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரம். மணலும் உப்புக்காற்றும் நிறைந்த இடத்தில் செடி வளர்ப்பது எளிதன்று. ஆயினும் எங்கள் ஆயா, மீன் விற்று வந்த களைப்பையும் பாராமல், உடைந்த வாளி ஒன்றில் செம்மண் நிரப்பி ஆண்டுதோறும் கொத்தமல்லி விதைப்பார். விதைக்கும் முன் தனியாவைத் திண்ணையில் பரப்பி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பார். ஒவ்வொரு மணியும் இரண்டாகப் பிளக்கும். பிளந்து போட்டால்தான் நன்றாக முளைக்கும் என்பது ஆயாவின் அனுபவம். பெயரோ தனியா, உள்ளே இருப்பவரோ இருவர்!

இந்த ஆண்டு எங்கள் அறிவியல் மன்றத்தில் சிஸ்டர் ஆளுக்கு ஒரு தாவரக் குடும்பத்தைக் கொடுத்துப் பேசச் சொன்னார். தோழிகளுக்கு ரோஜாவும் தாமரையும் செம்பருத்தியும் கிடைத்தன. எனக்குக் கிடைத்ததோ கேரட்டின் குடும்பம்! அதனுடன் வாயில் நுழையாத சொற்களின் பட்டியல் ஒன்றும் வந்தது. கிரிமோகார்ப், மெரிகார்ப், கார்ப்போஃபோர், விட்டா, ஸ்டைலோபோடியம்! இவற்றைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது என்பதை மறைப்பானேன்? அந்தச் சொற்களுக்கு விளக்கம் தேடிப் போனபோதுதான் டாக்டர் ராபர்ட் வைட் என்ற பெரியவரை நான் சந்தித்தேன். அவர் மறைந்து நூற்றைம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆனால் அவர் தம் பணிக்காலத்தில் பெரும்பகுதியைக் கழித்தது நம் தமிழ்நாட்டில்தான்.

ஸ்காட்லாந்து நாட்டின் கிழக்கு லோதியன் பகுதியில் 1796ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள் வைட் பிறந்தார். தந்தையார் எடின்பரோவில் வழக்கறிஞர். வைட் அந்நகரிலேயே பயின்று, 1818இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் மருத்துவம் படிப்போர் தாவரவியலையும் கற்க வேண்டும். மருந்துகளில் பல செடிகொடிகளிலிருந்தே வந்தன அல்லவா? அவருக்குத் தாவரவியல் கற்பித்தவர் டேனியல் ரூதர்ஃபோர்டு. நைட்ரஜன் வாயுவைக் கண்டுபிடித்தவர் என்று நாம் வேதியியல் பாடத்தில் படிக்கிறோமே, அவரேதான். 1819இல் வைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராகப் பணியில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 23.

படை வீரர்களுக்கு மருத்துவம் பார்ப்பது அவர் வேலை. மிச்ச நேரமெல்லாம் செடிகளுக்கு. ஆந்திரக் கடலோரத்துச் சாமல்கோட்டையிலும், வேலூரிலும், சென்னையிலும் செடிகளைப் பறித்து, காகிதங்களுக்கிடையே வைத்து அழுத்தி, உலர்த்தி, பெயர் தெரியாதவற்றை எடின்பரோவிலிருந்த பேராசிரியர் கிரகாமுக்குக் கப்பலில் அனுப்பினார். அத்தொகுப்பு நன்னம்பிக்கை முனை அருகே கடலில் மூழ்கிப் போயிற்று. கடலுக்குக் கொடுத்துவிட்டுக் கையைப் பிசைந்து நிற்பது எப்படிப்பட்டது என்பது எங்கள் குப்பத்தில் எல்லாருக்கும் தெரியும். இழந்த வலைக்குப் பதில் வேறு வலை பின்னத்தான் வேண்டும். வைட்டும் மறுபடி முதலிலிருந்து சேர்க்கத் தொடங்கினார்.

1826இல் அவருக்குச் சென்னை அரசின் இயற்கையியலாளர் என்னும் பதவி கிடைத்தது. மகிழ்ச்சியோடு தெற்கே நெடும்பயணம் மேற்கொண்டு ஆயிரக்கணக்கில் செடிகளைச் சேர்த்தார். ஆனால் 1828இல் ஆளுநர் லஷிங்டன் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார். சேர்த்து வைத்தவை யாவும் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. வைட்டோ நாகப்பட்டினத்துக்கு, அங்கிருந்த படைக்கு மருத்துவராகப் போனார். நாகப்பட்டினம் என்றால் நம் வேளாங்கண்ணிக்குப் பக்கத்து ஊர்தான். வேறொருவராக இருந்தால் வெறுத்துப் போய்ச் சும்மா இருந்திருப்பார். வைட் என்ன செய்தார் தெரியுமா? தம் சொந்தச் சம்பளத்திலிருந்து பணம் கொடுத்துச் செடிகளைச் சேர்க்க ஆட்களையும், அவற்றை வரைய ஓர் ஓவியரையும் வைத்துக்கொண்டார்.

அந்த ஓவியரின் பெயர் ரங்கையா. தஞ்சாவூர் ஓவிய மரபில் வந்தவர் எனக் கருதப்படுகிறார். தெய்வத் திருவுருவங்களுக்குப் பொன் இழைத்த மரபு அது. அம்மரபினர் ஒருவர் தூரிகையை எடுத்து, ஒரு களைச்செடியின் வேரையும் இலையையும் பூவையும் கண்ணுக்குத் தெரியும் அளவிலும், பூவின் உள்ளுறுப்புகளைப் பெரிதாக்கியும் வரையக் கற்றுக்கொண்டார். வைட் அந்தப் படங்களையும் செடிகளையும் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஹூக்கருக்கு அனுப்பினார். ஹூக்கர் அவற்றைக் கண்டு வியந்து தம் ஏட்டில் அச்சிட்டார். நாகப்பட்டினத்தில் ஒருவர் அமைதியாக உட்கார்ந்து வரைந்த படம் கிளாஸ்கோவில் அச்சேறியது!

இங்கே சற்று நின்று, படம் எதற்கு இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிட வேண்டும். மற்றக் குடும்பங்களைவிட என் கேரட் குடும்பத்தைக் கொண்டு சொன்னால் அது நன்றாக விளங்கும்.

கேரட், கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம், சதகுப்பை, பெருங்காயம், வல்லாரை ஆகிய யாவும் ஒரே குடும்பம். நம் அஞ்சறைப் பெட்டியில் பாதிப்பேர் இவர்கள்தாம்! இக்குடும்பத்தின் பழைய பெயர் அம்பெல்லிஃபெரே. இலத்தீன் மொழியில் அம்பெல்லா என்றால் சிறு குடை. குடை தாங்கிய செடிகள் என்பது பொருள். இப்போது ஏபியேசி என்கிறோம். வாளியில் விட்டுவிட்ட கொத்தமல்லி பூக்கும்போது பாருங்கள். காம்பின் ஒரே நுனியிலிருந்து குடைக்கம்பிகள் போலப் பல காம்புகள் கிளம்பும். ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் மறுபடி ஒரு சின்னக் குடை. அதன் நுனிகளில்தான் வெண்ணிறப் பூக்கள். திருவல்லிக்கேணித் திருவிழாவில் பெரிய குடைக்குக் கீழே ஒரு குடைதான் இருக்கும். இங்கோ ஒரு குடைக்கு மேல் எட்டுக் குடை! இதைத்தான் கூட்டுக் குடைமஞ்சரி என்கிறோம். குடை பிரியும் இடத்தில் சிறு செதில்கள் வட்டமாக நிற்பது உண்டு. அது பூவடிச் செதில் வட்டம், அதாவது இன்வலூக்கர். அது இருக்கிறதா, இல்லையா, எத்தனை செதில் என்பதும் ஒரு குறிப்பு.

பூவைப் பார்த்தோமானால் ஐந்து இதழ், ஐந்து மகரந்தத்தாள், பூவுக்குக் கீழே அமைந்த சூற்பை. ஏறக்குறைய எல்லாச் செடியிலும் இதே கணக்கு. ஒரே சீருடை அணிந்து காலை வழிபாட்டில் நிற்கும் நம்மைப் போல! தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு யார் யாரென்று எப்படித் தெரியும்? தெரியாமல் போனால் உயிருக்கே ஆபத்து. ஏனெனில் இதே குடும்பத்தில்தான் ஹெம்லாக் என்னும் கொடிய நச்சுச் செடியும் இருக்கிறது. கி.மு. 399இல் கிரேக்க ஞானி சாக்ரடீசுக்குக் குடிக்கக் கொடுக்கப்பட்ட கோப்பையில் இருந்தது அதன் சாறே என்பர். அதற்கும் அதே இலை நறுக்கு, அதே வெள்ளைக் குடை. ரசத்துக்குக் கிள்ளிப் போடும் கொத்தமல்லியின் உறவுக்காரன் அவன் என்று அறிந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் ஊர் வெயிலில் ஹெம்லாக் வளர்வதில்லை என்று சிஸ்டர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

ஆகவே இக்குடும்பத்தில் ஆளை அடையாளம் காட்டுவது பூவன்று, கனி. 1672ஆம் ஆண்டிலேயே ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் ராபர்ட் மோரிசன் இக்குடும்பத்துக்கென்றே ஒரு தனி நூல் எழுதி, கனிகளைக் கொண்டு அவற்றைப் பிரித்துக் காட்டினார். ஒரே தாவரக் குடும்பத்தைப் பற்றி மட்டும் எழுதப்பட்ட முதல் நூல் அதுவே என்பர்.

நாம் சீரக விதை, சோம்பு விதை என்கிறோமே, அவை உண்மையில் விதைகள் அல்ல, முழுக் கனிகள். முற்றியதும் இரண்டாகப் பிளக்கும் கனிக்குப் பிளவுகனி என்று பெயர். இக்குடும்பத்தின் பிளவுகனிதான் கிரிமோகார்ப். கிரேக்க மொழியில் தொங்குதல் என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. ஒவ்வொரு பாதியும் ஒரு மெரிகார்ப். பிளந்த பாதிகள் உடனே கீழே விழுந்துவிடுவதில்லை. நடுவில் கவட்டை போன்ற மெல்லிய காம்பு ஒன்று நிற்கும். அதன் இரு கைகளிலும் ஆளுக்கொரு பாதி ஊஞ்சலாடிக்கொண்டிருக்கும். அக்காம்பின் பெயரே கார்ப்போஃபோர். கனியைத் தாங்குவது என்று பொருள். கனியின் தலையில் கொண்டை போல ஒரு சிறு புடைப்பு உண்டு. அது ஸ்டைலோபோடியம், சூல்தண்டின் பாதம். பூவாக இருந்த காலத்தில் வண்டுகளுக்குத் தேன் வழங்கிய இடம் அது.

பாதியின் முதுகில் வரிவரியாக மேடுகள் ஓடும். ஒரு மேட்டுக்கு இலத்தீனில் ஜுகம். நுகத்தடி என்று அர்த்தமாம்! மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களுக்குக் கீழே எண்ணெய்க் குழாய்கள் புதைந்திருக்கும். அவைதாம் விட்டா. இலத்தீனில் தலையில் கட்டும் நாடாவுக்கு வழங்கிய சொல் அது. அம்மா சோம்பை வறுக்கும்போது தெருமுனை வரை மணக்கிறதே, அம்மணமெல்லாம் இந்தக் குழாய்களிலிருந்து கிளம்புவதுதான். சோம்பின் பாதி ஒன்றைக் குறுக்கே வெட்டினால் முதுகுப் பக்கம் நான்கு குழாய், தட்டையான உட்பக்கம் இரண்டு, ஆக ஆறு. தனியாவின் பாதியிலோ உட்பக்கத்தில் இரண்டே இரண்டு. கேரட்டின் கனிக்குக் கொக்கிமுள் உண்டு, சீரகத்துக்கு மெல்லிய மயிர், ஓமத்துக்குச் சொரசொரப்பு. இப்படி மேடும் குழாயும் முள்ளும் எண்ணித்தான் யார் யாரெனச் சொல்ல வேண்டும். கடுகளவு கனிக்குள் இவ்வளவு கணக்கு!

இதனால்தான் கைதேர்ந்த ஓவியர் தேவைப்பட்டார். உலர்ந்த செடி நொறுங்கும், நிறம் மாறும், பூச்சி அரிக்கும், கப்பல் மூழ்கும். வெட்டிய கனியின் படம் ஒன்று சரியாக இருந்துவிட்டால், உலகின் எந்த மூலையில் இருப்பவரும் அதைக் கொண்டு செடியை அறியலாம். ஒரு குழாய் கூடக்குறைய வரைந்துவிட்டாலோ செடியே வேறாகிவிடும். வைட் அறிந்திருந்தது இலத்தீனும் இலக்கணமும். ரங்கையாவின் கண்ணும் கையும் இல்லாமல் அவை காகிதத்தில் ஏறியிரா.

இனி மீண்டும் வைட்டின் கதைக்கு வருவோம். 1831இல் அவர் விடுப்பில் தாயகம் சென்றார். வெறுங்கையோடா போனார்? ஏறத்தாழ ஒரு லட்சம் உலர்தாவரங்கள். எடை இரண்டு டன்! மூன்றாயிரத்திலிருந்து நான்காயிரம் இனங்கள் அவற்றில் இருந்தன. எடின்பரோ நண்பர் வாக்கர் ஆர்னாட்டுடன் சேர்ந்து உட்கார்ந்து, அவற்றை ஆராய்ந்து, 1834இல் தென்னிந்தியத் தாவரங்கள் பற்றிய ஒரு பெருநூலின் முதற்பாகத்தை வெளியிட்டார். இரண்டாம் பாகம் வரவே இல்லை. நல்லவேளையாக, என் கேரட் குடும்பம் முதற்பாகத்திலேயே இடம்பெற்றுவிட்டது.

நம் மலைகளில் ஹெராக்ளியம் என்றொரு குடைச்செடி வளர்கிறது. கிரேக்க வீரன் ஹெராக்ளிசின் பெயரைத் தாங்கியது. தட்டையான, இறகு வைத்த கனி. அதன் எண்ணெய்க் குழாய்கள் முழு நீளத்துக்கும் ஓடாமல் பாதி வழியில் நின்றுவிடும். மேலிருந்து மை வழிந்து காய்ந்தாற்போலத் தோன்றும். உருப்பெருக்கி இல்லாமலே பார்க்கலாம். வைட்டும் ஆர்னாட்டும் இந்த ஹெராக்ளியத்தில் ஒன்றுக்கு ஹூக்கரின் பெயரையும், மற்றொன்றுக்கு ஜெர்மானிய அறிஞர் ஸ்பிரெங்கலின் பெயரையும் சூட்டினர். இன்னொரு குடைச்செடியான பிம்பினெல்லாவுக்கு ஜெனீவா நகரத்து தெ காந்தோலின் பெயரை வைத்தனர். ஸ்பிரெங்கலும் தெ காந்தோலும் இக்குடும்பத்தை ஆழ்ந்து கற்றவர்கள். அந்தப் பெருமைக்கு உரியவர்களே. ஆயினும் மூவரில் ஒருவர்கூட அச்செடிகள் நம் மலைச்சரிவில் காற்றில் ஆடுவதைக் கண்டவர் அல்லர். மலையேறிப் பறித்து வந்த கூலியாட்களின் பெயர்களைத் தேடினேன். பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை.

1834இல் வைட் இந்தியா திரும்பினார். பெல்லாரியில் படைமருத்துவர் வேலை. அப்படை பாளையங்கோட்டைக்கு மாற்றப்பட்டபோது ஏறத்தாழ 700 மைல் அதனுடன் பயணம் செய்தார். வழியெல்லாம் செடி சேர்ப்பு நடந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ! 1836இல் அரசு அவரை மருத்துவப் பணியிலிருந்து விடுவித்து, பருத்தி, புகையிலை முதலிய பயிர்களைப் பற்றி ஆராய நியமித்தது. சென்னையில் 1835இல் தோன்றிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் செயலாளராகவும் அவர் தொண்டாற்றினார். 1838இல் சென்னையிலேயே அவருக்குத் திருமணமும் நடந்தது.

அதே 1838இல்தான் அவர் தம் வாழ்வின் பெரும்பணியைத் தொடங்கினார். இந்தியச் செடிகளை இந்தியாவிலேயே படங்களாக அச்சிட வேண்டும் என்பது அவர் எண்ணம். ஐரோப்பாவில் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிடப் பெருஞ்செலவாகும். எனவே கல்லச்சைத் தேர்ந்தார். வழவழப்பான சுண்ணாம்புக்கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படம் எழுதுவர். கல்லை நீரால் நனைத்துவிட்டு அச்சுமை தடவினால், மை எண்ணெய் உள்ள இடத்தில் மட்டும் ஒட்டும். ஈரமான இடத்தில் ஒட்டாது. மேலே காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் வந்துவிடும். எண்ணெயும் நீரும் சேராது என்பதை மீன்குழம்புச் சட்டி கழுவுகிற நாம் அறியாததா? ஆனால் சென்னை வெப்பத்தில் அதைச் செய்து காட்டுவது வேறு. வைட் ஓர் அச்சுப்பொறியை வாங்கி, தாமே அத்தொழிலைக் கற்றுக்கொண்டார். முதலில் வந்த படங்கள் கரடுமுரடானவை. போகப்போகச் சீர்பட்டன.

ஐகோனெஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த நூல் 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. மொத்தம் 2,101 படங்கள்! அத்துடன் வண்ணப் படங்கள் கொண்ட வேறொரு நூலும், நீலகிரிச் செடிகளுக்கென்று ஒரு நூலும் வெளியிட்டார். பள்ளிக் கணிப்பொறியில் சிஸ்டர் ஐகோனெஸ் ஏடுகளைத் திறந்து காட்டியபோது நான் என் குடும்பத்தாரைத்தான் தேடினேன். கொத்தமல்லி இருந்தது. சோம்பு இருந்தது. ஓமம், சதகுப்பை, ஏன், வாய்க்கால் ஓரத்து வல்லாரையும் இருந்தது. வல்லாரையின் பூவை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? இலைக்குக் கீழே மண்ணோடு மண்ணாக, இரண்டு மூன்று சிவந்த பூக்கள் ஒளிந்திருக்கும். கூட்டுக் குடை அன்று, ஒற்றைக் குடை. ஞாபகசக்தி வருமென்று தேர்வுக் காலத்தில் துவையல் அரைக்கக் கிள்ளுகிறோமே தவிர, பூவை எவரும் கண்டுகொள்வதில்லை.

அப்படத்தில் வல்லாரைக்கு ஹைட்ரோகோடைல் ஏசியாட்டிக்கா என்ற பெயர் இருக்கக் கண்டு குழம்பினேன். எங்கள் புத்தகத்தில் செண்டெல்லா ஏசியாட்டிக்கா என்றல்லவா இருக்கிறது! பிறகுதான் தெரிந்தது. 1753இல் லின்னேயஸ் இட்ட பெயர் அது. நீர்க்கிண்ணம் என்று பொருள்படுவது. இலையின் வடிவத்தைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். 1879இல் அர்பன் என்பவர் அதைச் செண்டெல்லா என்னும் பேரினத்துக்கு மாற்றினார். வைட்டின் காலம் அதற்கு முந்தியது. இன்று ஹைட்ரோகோடைல் இனத்தையே இக்குடும்பத்திலிருந்து எடுத்து வேறொரு குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். வல்லாரை மட்டும் பிறந்த வீட்டிலேயே இருக்கிறது. பெயர்கள் மாறுகின்றன; ஆனால் அந்தப் படத்தைக் காட்டினால் எங்கள் தெருவில் கீரை விற்கும் அக்கா இன்றும் வல்லாரை என்று சொல்லிவிடுவார்.

ஒவ்வொரு படத்தின் அடியிலும் மிகச் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். பெரிதாக்கிப் பார்த்தேன். வரைந்தவர் ரங்கையா என்று போட்டிருந்தது. எனக்கு உடல் சிலிர்த்தது. அக்காலத்துக் கம்பெனி அதிகாரிகள் பலர் நம் ஓவியர்களை வைத்து ஆயிரக்கணக்கில் படங்கள் வரைவித்தார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றை யார் வரைந்தது என்றே தெரியாது. வைட் அப்படிச் செய்யவில்லை. ரங்கையாவின் பெயரைக் கல்லிலேயே எழுத வைத்தார். வைட்டின் மீது எனக்கு மதிப்பு ஏற்பட்டது அவர் கண்டுபிடித்த புதுச்செடிகளின் எண்ணிக்கையால் அன்று. இந்த ஒரு வரியால்தான். ஆனாலும் ஒரு மனத்தாங்கல் இல்லாமல் இல்லை. வைட் பிறந்த நாளை இக்கட்டுரையின் தொடக்கத்தில் என்னால் எழுத முடிந்தது. சுமார் இருபது ஆண்டுகள் அவருக்காகக் கண்ணைச் சுருக்கி வரைந்த ரங்கையாவின் பிறந்த நாளை எவரும் எழுதி வைக்கவில்லை.

1842 முதல் வைட் கோயம்புத்தூரில் இருந்தார். அமெரிக்கப் பருத்தியை அங்கே பயிரிட முடியுமா என்று சோதிப்பது பணி. பதினொரு ஆண்டுகள் பாடுபட்டும் அம்முயற்சி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. பருத்தி ஏமாற்றியது, படங்கள் ஏமாற்றவில்லை. 1845ஐ ஒட்டி ரங்கையாவின் இடத்துக்குக் கோவிந்து என்ற மற்றோர் ஓவியர் வந்தார். ஐகோனெசின் பிற்பகுதிப் படங்கள் பல அவர் கைவண்ணம். 1853இல் கடைசித் தொகுதி வெளிவந்தபோது, ஓர் ஆர்க்கிட் செடிக்குப் புதுப்பேரினம் வகுத்த வைட், அதற்குக் கோவிந்தூயியா என்று பெயரிட்டார். ஹூக்கரைப் போல, தெ காந்தோலைப் போல, நம் கோவிந்துவுக்கும் ஒரு செடி! பின்னாளில் வந்த அறிஞர்கள் அப்பேரினத்தை வேறொன்றோடு இணைத்துவிட்டதால் அப்பெயர் இப்போது வழக்கில் இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அதே ஆண்டு வைட் பணி ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்றார். ரெடிங் நகருக்கு அருகே கிரேஸ்லி என்னும் சிற்றூரில் நிலம் வாங்கிப் பயிர்த்தொழில் செய்தார். முதுமையில் தம் செடித் தொகுப்பைக் கியூ தாவரத் தோட்டத்துக்கு அளித்தார். 1872ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் தமது 75ஆம் வயதில் காலமானார். கோவிந்து நம் நாட்டிலேயே இருந்து, கிளெக்ஹார்ன் என்ற மற்றொரு மருத்துவருக்காகச் செடிகளை வரைந்து வந்தார். அவர்கள் இருவரும் வரைந்த மூலப்படங்கள் பல எடின்பரோ தாவரத் தோட்டத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. 2007இல் அத்தோட்டத்தின் அறிஞர் ஹென்றி நோல்ட்டி வைட்டைப் பற்றி மூன்று பாகங்களில் ஒரு நூல் வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே வைட்டின் பெயரோடு ரங்கையா, கோவிந்து ஆகிய இருவர் பெயரும் இருக்கின்றன.

மன்றக் கூட்டத்துக்கு முதல் நாள் மாலை நானும் ஒரு படம் வரைந்து பார்த்தேன். இரவு முழுதும் நீரில் ஊறிய சோம்பை எடுத்து, பிளேடால் குறுக்கே சீவினேன். பத்து சோம்பு நசுங்கிப் போயின. விரலிலும் ஒரு கீறல். பதினோராவது சரியாக வந்தது. சிஸ்டர் கொடுத்த உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, ஐந்து மேடுகளை எண்ணி, முதுகில் நான்கு, உள்ளே இரண்டு என்று பழுப்பு நிறப் புள்ளிகளாகத் தெரிந்த எண்ணெய்க் குழாய்களை வைத்தேன். வரைந்தது உருளைக்கிழங்கு போல இருப்பதாகத் தம்பி சிரித்தான். ஆயா மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உருப்பெருக்கியை வாங்கித் தாமும் வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய், விதைக்க வைத்திருந்த தனியாவில் ஒரு பிடி அள்ளி வந்து என் முன்னால் வைத்தார்.